பல் வைத்தியருக்கு நாடளாவிய பரீட்சை: சோதிக்க வேண்டியது யாது?

பல் வலியால் வருந்தும் ஒருவர் வைத்தியரின் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறக்கும்போது, தம்மை அறியாமலே பெரியதொரு நம்பிக்கையை அவரிடம் ஒப்படைத்து விடுகிறார். தம் வாயினுள் நடைபெறுவதை அவரால் காண இயலாது. சொத்தை முழுவதும் அகற்றப்பட்டதா, வேரின் நுனி வரை துப்புரவு செய்யப்பட்டதா, பிடுங்கிய பல் பிடுங்கத்தான் வேண்டியிருந்ததா என்பனவற்றைச் சீர்தூக்கிப் பார்க்க அவருக்கு வழியில்லை. தையற்காரர் தைத்த சட்டையின் குறையை அணிந்து பார்த்தவுடன் கண்டுகொள்ளலாம். வேர்ச் சிகிச்சையின் குறை வெளிப்படச் சில வேளைகளில் ஆண்டுகள் பல செல்லும். ஆகவே வாயிற்புறத்துப் பலகையில் வைத்தியரின் பெயரை அடுத்து நிற்கும் எழுத்துகளையே அவர் நம்ப வேண்டியவராகிறார். அவ்வெழுத்துகளுக்குப் பிணை நிற்பவர் யார், எந்தச் சோதனையின் பேரில் அப்பிணை அளிக்கப்படுகிறது என்னும் வினாக்கள், கல்லூரி மாணவரை மட்டுமன்றிப் பல் உள்ள ஒவ்வொருவரையும் சார்ந்தனவாகும்.

2023-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் இவ்வினாக்களுக்குப் புதியதொரு விடையைத் தருகிறது. பல் வைத்தியப் பட்டப் படிப்பின் இறுதி ஆண்டில் நாடு முழுமைக்கும் பொதுவான பரீட்சை ஒன்று நடத்தப்பட வேண்டும். அதில் தேறியவருக்கே தொழில் நடத்தும் உரிமமும் பதிவேட்டில் இடமும் கிடைக்கும். வெளிநாடுகளில் பட்டம் பெற்றுத் திரும்புவோரும் அதனையே எழுத வேண்டும். மேற்பட்டப் படிப்பில் சேர்வதற்கும் அதுவே அடிப்படையாகும் என்று அச்சட்டம் கூறுகிறது. நாடளாவிய பரீட்சை வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. ஆயினும் அப்பரீட்சையின் பயன், அது எதனை அளக்கிறது என்பதைப் பொறுத்தே அமையும். தவறான அளவுகோலைக் கொண்டு நாடு முழுவதையும் ஒரே சீராக அளப்பதால், தவறும் நாடு முழுவதும் ஒரே சீராகப் பரவுவதன்றி வேறு பயன் விளையாது.

பதிவேட்டின் வரலாறு

பல் வைத்தியம் நெடுங்காலம் கைத்தொழிலாகவே கருதப்பட்டு வந்தது. சந்தைகளிலும் தெருவோரங்களிலும் பல் பிடுங்குவோர் எல்லா நாடுகளிலும் இருந்தனர். இங்கிலாந்தின் ராயல் அறுவை வைத்தியர் கல்லூரி, பல் வைத்தியத்திற்கெனத் தனிப் பரீட்சை நடத்திச் சான்று வழங்கத் தொடங்கியது 1860-ஆம் ஆண்டிலாகும். பதிவு பெற்றவரே தம்மைப் பல் வைத்தியர் என்று அழைத்துக்கொள்ளலாம் என 1878-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கு விதித்தது. தொழில் நடத்தும் உரிமையையே பதிவு பெற்றோருக்கு உரியதாக்க 1921-ஆம் ஆண்டில் மற்றொரு சட்டம் தேவைப்பட்டது. பெயரைக் காப்பதற்கும் தொழிலைக் காப்பதற்கும் இடையே நாற்பதாண்டுகளுக்கு மேல் சென்றன.

இந்தியாவில் முதல் பல் வைத்தியக் கல்லூரியை டாக்டர் ரபியுதீன் அகமது 1920-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் நிறுவினார். வங்காளத்தில் 1939-ஆம் ஆண்டில் பல் வைத்தியர்களுக்கான சட்டம் பிறந்தது. நாடு முழுமைக்குமான பல் வைத்தியர் சட்டம் 1948-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, அடுத்த ஆண்டில் இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் அமைக்கப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் வைத்தியக் கல்வி 1953-ஆம் ஆண்டில் தொடங்கியது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் பதிவேட்டை இரண்டு பகுதிகளாக வகுத்தது. ஏற்கப்பட்ட பட்டம் பெற்றவர்கள் முதற் பகுதியில் இடம் பெற்றனர். பட்டமின்றியே அத்தொழிலை வாழ்க்கைக்கு ஆதாரமாகக் கொண்டு பல ஆண்டுகள் நடத்தி வந்தோர் இரண்டாம் பகுதியில் சேர்க்கப்பட்டனர். இருந்த நிலையை ஏற்றுக்கொண்டு, இனி வருவோருக்குப் படிப்பைக் கட்டாயமாக்கிய அவ்வேற்பாடு அக்காலத்திற்குத் தக்கதாகவே இருந்தது.

அதன்பின் பல்கலைக்கழகப் பட்டமே உரிமத்திற்குப் போதுமான ஆதாரமாயிற்று. கல்லூரிகள் விரல்விட்டு எண்ணத்தக்கனவாய் இருந்த வரையில் இதனால் இடர் பெரிதும் எழவில்லை. இந்நாளில் கல்லூரிகள் முந்நூற்றுக்கு மேற்பட்டுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை தனியாரால் நடத்தப்படுவன. ஆண்டுதோறும் 25,000-க்கு மேற்பட்ட மாணவர் சேர்வதற்கு அவற்றில் இடம் உண்டு. நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயின், கற்பிப்பதும் பரீட்சிப்பதும் பட்டம் வழங்குவதும் ஒரே நிறுவனத்தின் பொறுப்பாகிவிடுகின்றன. வெளியிலிருந்தும் பரீட்சகர்கள் அழைக்கப்படுகின்றனர் எனினும், ஓர் இடத்தின் ஐம்பது மதிப்பெண்ணும் மற்றோர் இடத்தின் ஐம்பது மதிப்பெண்ணும் ஒரே தரத்தைக் குறிக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. நோயாளிக்கோ இவ்வேறுபாடு தெரியாது. பலகையில் உள்ள எழுத்துகள் ஒன்றேயாம். பொதுவான பரீட்சை வேண்டும் என்பதற்குரிய வலிய காரணம் இதுவே.

வாசலும் வரிசையும்

பரீட்சைகள் இருவகைப்படும். ஒருவர் குறித்த தகுதியை அடைந்துவிட்டாரா என்று மட்டும் பார்ப்பது ஒரு வகை. இதனை வாசல் எனலாம். தகுதியுடையோர் எத்துணைப் பேராயினும் அனைவரும் அதனைக் கடக்கலாம், தகுதியற்றோர் ஒருவரும் கடக்கலாகாது. இருக்கும் சில இடங்களுக்குப் பலருள் யாரைத் தெரிந்தெடுப்பது என்று பார்ப்பது மற்றொரு வகை. இதனை வரிசை எனலாம். முன்னிற்பவரின் தகுதி யாதாயினும் வரிசையில் ஒருவர் முதலாவதாக நிற்பது உறுதி. உரிமம் வழங்கும் பரீட்சை வாசலாகும். மேற்படிப்புக்கு மாணவரைத் தெரிந்தெடுக்கும் பரீட்சை வரிசையாகும். இவ்விரண்டையும் ஒரே பரீட்சையால் செய்ய முனைவதே இப்போதைய ஏற்பாட்டின் பெருங்குறை எனல் வேண்டும்.

பல் வைத்திய மேற்பட்டச் சேர்க்கைக்காக 2017-ஆம் ஆண்டு முதல் நடந்து வரும் நீட் பரீட்சையைக் கொண்டு இதனை விளக்கலாம். அதில் 240 வினாக்களுக்கு மூன்று மணி நேரத்தில் விடையளிக்க வேண்டும். ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு விடைகள் தரப்பட்டிருக்கும். சரியான விடைக்கு 4 மதிப்பெண் கூடும். தவறான விடைக்கு ஒன்று குறையும். வினாவைப் படியாமலே கண்ணை மூடிக்கொண்டு விடைகளைக் குறிப்பவருக்கும் நான்கில் ஒரு பங்கு, அதாவது 60 விடைகள், சரியாக அமையக்கூடும். அவருக்கு 240 மதிப்பெண் கூடி 180 குறைந்து, மொத்தம் 960-இல் 60 கிடைக்கும். இத்தகைய பரீட்சையில் தகுதிக்கோடு மதிப்பெண்ணால் வரையறுக்கப்படுவதில்லை, சதமானத்தால் வரையறுக்கப்படுகிறது. பொதுப் பிரிவினருக்கு 50-ஆவது சதமானம் என்றால், எழுதியவர்களில் பாதிப் பேரைவிடக் குறையாத நிலையை எய்தியிருத்தல் வேண்டும் என்பதே பொருள். எல்லோரும் நன்றாக எழுதினாலும் பாதிப் பேரே தேறுவர். எல்லோரும் மோசமாக எழுதினாலும் பாதிப் பேர் தேறிவிடுவர். இடங்கள் நிரம்பாது நின்ற ஆண்டுகளில் அக்கோட்டையே கீழே இறக்கியதும் உண்டு.

இடங்களை நிரப்புவதற்கு இம்முறை தவறன்று. உரிமத்திற்கு இது சிறிதும் ஒவ்வாது. பாலத்தைக் கட்டுபவரின் அறிவு, உடன் எழுதியவரின் அறிவைவிட மேலானதா என்பது பாலத்தின் மேல் செல்பவருக்குப் பொருட்டன்று. பாலம் நிற்குமா என்பதே பொருட்டு. உரிமப் பரீட்சையின் கோடு நோயாளியின் பாதுகாப்பைக் கருதி வரையப்பட வேண்டும். வரைந்தபின் இடங்களின் நிறைவையோ குறைவையோ நோக்கி அதனை ஏற்றவும் இறக்கவும் கூடாது.

அக்கோட்டை வரைவதற்கு முறைகள் உள்ளன. 1971-ஆம் ஆண்டில் வெளியான ஆங்காஃப் என்பாரின் முறை பல நாடுகளில் கையாளப்படுகிறது. அனுபவம் மிக்க வைத்தியர் சிலர் ஒன்றுகூடி, தொழிலுக்குத் தேவையான தகுதியை அரும்பாடுபட்டு எட்டிப்பிடித்த மாணவர் ஒருவரை மனத்தில் உருவகித்துக்கொள்வர். அத்தகைய மாணவர் நூறு பேர் இருப்பின் இவ்வினாவுக்கு எத்துணைப் பேர் சரியான விடை கூறுவர் என்று ஒவ்வொரு வினாவையும் எடுத்து மதிப்பிடுவர். அம்மதிப்பீடுகளின் தொகுப்பே தேர்ச்சிக்கோடாகிறது. வினாத்தாள் கடினமாயின் கோடு தானே தாழும். எளிதாயின் தானே உயரும். எந்த ஆண்டில் எழுதினாலும் தகுதி ஒன்றாகவே இருக்கும்.

வேறொரு நுட்பமும் உண்டு. அளவுகோலின் கோடுகள் எங்கு நெருங்கியுள்ளனவோ அங்குதான் அது நுட்பமாக அளக்கும். வாசற் பரீட்சையில் வினாக்கள் தேர்ச்சிக்கோட்டின் அருகிலுள்ளோரைப் பிரித்தறிவனவாக இருத்தல் வேண்டும். வரிசைப் பரீட்சையிலோ முன்னிற்கும் சிலரைப் பிரித்தறிவதற்காக அரிய வினாக்கள் வேண்டப்படும். ஒரே தாளில் இரண்டையும் நாடினால், அருமையான வினாக்கள் மிகுந்து, அன்றாடம் வேண்டப்படும் எளிய அறிவு சோதிக்கப்படாமற் போகும். அமெரிக்காவின் அனுபவம் இங்கு கருதத்தக்கது. அங்கு 2012-ஆம் ஆண்டு முதல் பல் வைத்தியருக்கான தேசிய வாரியப் பரீட்சையில் தேறினார், தேறவில்லை என்பது மட்டுமே அறிவிக்கப்படுகிறது. உயர் பயிற்சிக்கு மாணவரைத் தெரிந்தெடுக்க உதவும் தனிப் பரீட்சை ஒன்று 2016-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. வாசலும் வரிசையும் அங்கு பிரிக்கப்பட்டுவிட்டன.

கையைச் சோதிப்பது எவ்வாறு?

பல் வைத்தியம் அறிவும் கையும் ஒருங்கே தொழிற்படும் கலையாகும். கீழ்த்தாடையின் நரம்பு மரத்துப்போக ஊசியை எவ்விடத்தில் செலுத்துவது என்பதை ஏட்டில் எழுதிக் காட்டலாம். அந்தரங்கமான அந்த இடத்தை அசையும் நாவுக்கும் நடுங்கும் நோயாளிக்கும் இடையே கண்டறிவது வேறு திறமை. சொத்தையைச் சுரண்டும் கருவி அரை மில்லிமீட்டர் தாண்டினால் பல்லின் உயிர்க்கூழ் திறந்துவிடக்கூடும். நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கும் பரீட்சை இத்திறமையை ஒருபோதும் அளக்காது.

ஆயின் கையை நேர்மையாகச் சோதிப்பது எளிதன்று. அமெரிக்காவில் உரிமம் நாடுவோர் உயிருள்ள நோயாளிக்குச் சிகிச்சை செய்து காட்ட வேண்டும் என்னும் வழக்கம் பல்லாண்டுகள் நிலவியது. பரீட்சைக்கு ஏற்ற அளவில் சொத்தையுள்ள நோயாளியை மாணவரே தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. உரிய நாள் வரும் வரை அச்சொத்தைக்குச் சிகிச்சை செய்யாது காத்திருப்பதும் நேர்ந்தது. நோயாளியின் நன்மைக்காக ஏற்பட்ட பரீட்சைக்கு நோயாளியே கருவியாவது முறையன்று எனப் பலர் கண்டித்தனர். 2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவியபோது, மாதிரித் தலையில் பொருத்திய செயற்கைப் பற்களில் செய்து காட்டும் பரீட்சையை அங்குள்ள மாநிலங்கள் பல ஏற்றன. மாதிரித் தலை வலியால் துடிப்பதில்லை, அதற்கு உமிழ்நீர் ஊறுவதில்லை எனினும், எல்லா மாணவருக்கும் ஒரே பல், ஒரே சொத்தை என்னும் நடுநிலைமை அதில் உண்டு.

மற்றொரு வழி, 1975-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ஹார்டன் என்பாரும் அவர்தம் துணைவரும் வகுத்துக் காட்டியதாகும். மாணவர் ஒரே இடத்தில் அமர்ந்து எழுதாமல், வரிசையாக அமைக்கப்பட்ட நிலையங்கள்தோறும் சென்று, குறித்த சில நிமிடங்களில் ஒவ்வொரு காரியத்தைச் செய்து காட்டுவார். ஓரிடத்தில் எக்ஸ்-கதிர்ப் படத்தைப் படிப்பார். அடுத்த இடத்தில் நோயாளியாக நடிப்பவரிடம் நோய் வரலாறு கேட்பார். பிறிதோரிடத்தில் மருந்துச் சீட்டு எழுதுவார். யாவருக்கும் காரியம் ஒன்றே. மதிப்பிடும் பட்டியலும் ஒன்றே.

கனடாவின் பல் வைத்தியத் தேசியப் பரீட்சை வாரியம் 1952-ஆம் ஆண்டில் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் சட்டத்தால் அமைந்தது. எழுத்துப் பரீட்சையுடன் நிலையப் பரீட்சையையும் அது நெடுங்காலம் நடத்தியது. 2022-ஆம் ஆண்டில் நிலையப் பரீட்சை கணினித் திரைக்கு மாற்றப்பட்டது. அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளில் பயின்றவரின் கைத்திறனை வாரியம் மீண்டும் சோதிப்பதில்லை. அதற்கு அக்கல்லூரியின் அங்கீகாரமே பிணையாகிறது. அங்கீகாரம் பெறாத கல்லூரிகளிலிருந்து வருவோரோ மாதிரித் தலையில் தம் கைத்திறனைக் காட்டியாக வேண்டும். இங்கிலாந்து இன்னும் ஒரு படி சென்று, உள்நாட்டு மாணவருக்குப் பொதுப் பரீட்சையே வைக்காது, கல்லூரிகளைக் கண்காணிப்பதிலேயே கருத்தைச் செலுத்துகிறது. இவ்விரு நாடுகளின் ஏற்பாட்டிலும் ஒரு பாடம் அடங்கியுள்ளது. கல்லூரியின் மீது நம்பிக்கை எத்துணைக் குறைகிறதோ, அத்துணை அளவுக்கு மாணவரின் கையைத் தனியே சோதிக்க வேண்டியதாகிறது.

இந்தியாவில் கல்லூரிகளின் தரம் ஒரு சீராக இல்லை என்பதனால்தான் பொதுப் பரீட்சை கொண்டுவரப்படுகிறது. அவ்வாறிருக்க, எழுத்துப் பரீட்சையோடு நின்றுவிட்டால், எந்தக் குறைக்காகப் பரீட்சை ஏற்பட்டதோ அந்தக் குறை தீண்டப்படாமலே இருந்துவிடும். நோயாளிகள் மிகுதியாக வராத கல்லூரியில் பயின்ற மாணவரும், தனிப்பயிற்சி நிலையத்தில் நூல்களை நெட்டுருச் செய்து எழுத்துப் பரீட்சையில் முதலாவதாக வரலாம். கல்லூரியின் குறை அம்மதிப்பெண்ணில் மறைந்துவிடும்.

பயிற்சி ஆண்டின் கதி

பட்டப் படிப்பில் நான்கு ஆண்டுக் கல்விக்குப் பின் ஓராண்டுக் காலம் மருத்துவமனையில் பயிற்சி பெற வேண்டும். மாணவர் தம் பொறுப்பில் பற்களைப் பிடுங்கவும், அடைக்கவும், நோயாளியின் அச்சத்தைத் தணிக்கவும் பழகுவது அவ்வாண்டிலேயாம். மேற்படிப்புப் பரீட்சையின் நிழல் அவ்வாண்டின் மேல் விழும்போது, மாணவரின் கை கருவியை விட்டுவிட்டு வினாத்தொகுப்பைப் பற்றத் தலைப்படும். அது மாணவரின் குற்றமாகாது; எதற்குப் பரிசு வைக்கப்படுகிறதோ அதனையே மாணவர் நாடுவர். உரிமமும் மேற்படிப்பும் ஒரே தாளில் அடங்கிவிட்டால், அந்நிழல் இறுதி ஆண்டு முழுவதன் மேலும் படரும். கைத்திறனை உறுதிசெய்ய வந்த பரீட்சையே கைத்திறன் வளரும் காலத்தை விழுங்கிவிடலாகாது.

இதற்குப் பரிகாரம் உண்டு. பயிற்சி ஆண்டில் செய்து முடிக்க வேண்டிய சிகிச்சைகளின் எண்ணிக்கையும் தரமும் கொண்ட பதிவுநூல் உரிமத்தின் ஓர் அங்கமாக வேண்டும். எழுத்துப் பகுதியை இறுதி ஆண்டின் முடிவிலும், கைத்திறன் பகுதியைப் பயிற்சி ஆண்டின் முடிவிலும் நடத்தினால், பயிற்சிக்கு உரிய மதிப்பு தானே வரும்.

வினாக்கள் எந்த வாயிலிருந்து பிறக்க வேண்டும்?

வினாத்தாளின் உள்ளடக்கத்தை நிர்ணயிப்பது பாடநூல்களின் கனமாக இருத்தலாகாது. மக்களின் வாய்நோய்களே அதனை நிர்ணயிக்க வேண்டும். இந்திய ஆடவரிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்று ஒன்று. புகையிலையும் பாக்கும் அதற்கு முதன்மையான காரணங்கள். பாக்கு மெல்லுவோருக்குக் கன்னத்தின் உட்சவ்வு நார்போல் இறுகி வாய் திறக்க இயலாமற் போகும் நோயும் இந்நாட்டில் பரவலாக உள்ளது. குடிநீரில் ஃபுளோரைடு மிகுதலால் பற்களிலும் எலும்புகளிலும் நேரும் கேடு, அந்நாளைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியிலிருந்து 1937-ஆம் ஆண்டிலேயே அறிவிக்கப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் அக்கேடு இன்றும் நீங்கவில்லை.

கூர்மையான பல் உராய்ந்து கன்னத்தில் புண் பட்டிருக்கிறது என்று ஒரு விவசாயி வருகிறார் எனக் கொள்வோம். வாய்ப்புற்று மிகுதியாகத் தோன்றும் இடம் எது என்னும் வினாவுக்கு மாணவர் விடை கூறிவிடலாம். அவ்விவசாயிக்கு வேண்டியது அவ்விடையன்று. பல்லின் கூர்மையைத் தேய்த்துவிட்டு, இரண்டு வாரங்களில் மீண்டும் வரச் சொல்லி, அப்போதும் புண் ஆறாதிருப்பின் திசுவைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்னும் தீர்மானமே அவர் உயிரைக் காப்பது. களிம்பு ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிடும் வைத்தியர் எத்துணை மதிப்பெண் பெற்றவராயினும், அப்புண்ணைப் பொறுத்தவரை தேறாதவரே ஆவார். அமெரிக்காவில் 2020-ஆம் ஆண்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த தேசிய வாரியப் பரீட்சை, அடிப்படை விஞ்ஞானத்தையும் சிகிச்சையையும் தனித்தனித் தாள்களில் கேட்ட பழைய முறையைக் கைவிட்டது. இரண்டு நாட்களில் கேட்கப்படும் 500 வினாக்களில் பல, நோயாளி ஒருவரின் வரலாற்றையும் நிலைமையையும் முன்வைத்து அமைவன. அவ்வமைப்பைக் கைக்கொள்ளலாம், ஆயின் அங்குள்ள நோயாளியை அப்படியே இறக்குமதி செய்தலாகாது.

நிபுணரின் நற்சான்று

உரிமம் என்பது வேறு, நிபுணர் என்னும் நற்சான்று என்பது வேறு. இவர் கையால் தீங்கு நேராது என்று அரசாங்கம் பொதுமக்களுக்குக் கூறுவது உரிமம். இத்துறையில் இவர் சிறந்த பயிற்சி பெற்றவர் என்று அத்துறையினரே கூறுவது நற்சான்று. அமெரிக்காவில் பல்சீரமைப்புத் துறையினர் 1929-ஆம் ஆண்டிலேயே தமக்கென வாரியம் அமைத்தனர். பல் வைத்தியத்தில் முதலாவதாக எழுந்த நிபுணர் வாரியம் அதுவே. கனடாவில் 1965-ஆம் ஆண்டில் நாடாளுமன்றச் சட்டத்தால் ராயல் பல் வைத்தியர் கல்லூரி தோன்றியது. நிபுணர்களுக்கென நாடளாவிய பரீட்சையும் அந்நாட்டில் உண்டு.

இந்தியாவில் மேற்பட்டப் படிப்பு ஒன்பது பிரிவுகளில், மூன்று ஆண்டுகள் நடைபெறுகிறது. அறுவை வைத்தியம், பல்சீரமைப்பு, ஈறு நோய், செயற்கைப் பல், வேர்ச் சிகிச்சை, குழந்தைகளுக்கான பல் வைத்தியம் ஆகியன கைத்திறனையே உயிராகக் கொண்டவை. நோய்க்கூற்றியல், எக்ஸ்-கதிருடன் கூடிய வாய் மருத்துவம், பொதுச் சுகாதாரம் ஆகியன பெரும்பாலும் ஆராய்ந்து தீர்மானிக்கும் திறனைச் சார்ந்தவை. இப்பிரிவுகளிலும் இறுதிப் பரீட்சையைப் பல்கலைக்கழகங்களே நடத்துகின்றன. பல்சீரமைப்புத் துறையினர் 1990-களின் இறுதியில் தாமே முன்வந்து இந்திய வாரியம் ஒன்றை நிறுவினர். விருப்பமுள்ளோர் தாம் சிகிச்சை செய்து முடித்த நோயாளிகளின் பதிவுகளைப் பரீட்சகர்முன் வைத்து விளக்க வேண்டும் என்பது இத்தகைய வாரியங்களின் முறை. இரண்டு ஆண்டுகள் கம்பி கட்டித் திருத்திய பல்வரிசையின் முன்னைய நிலையும் பின்னைய நிலையும் அங்கு சாட்சியாகின்றன. வினாத்தாளில் இத்தகைய சாட்சியம் கிட்டாது.

இம்முயற்சி எல்லாப் பிரிவுகளுக்கும் விரிவாதல் வேண்டும். நிபுணருக்கான பரீட்சை, உரிமப் பரீட்சையின் நீளமான பதிப்பாக இருத்தலாகாது. சிகிச்சைப் பதிவுகளும் நேர்முக விசாரணையும் அதன் உயிர்நாடியாக வேண்டும். பல்லுக்குப் பதில் தாடையில் உலோகத்தைப் பதிக்கும் முறை போன்ற புதுமைகள் ஆண்டுதோறும் வளர்வதால், ஒருமுறை பெற்ற நற்சான்று ஆயுள் முழுதும் செல்லும் என்பதும் பொருந்தாது. குறித்த காலத்திற்கு ஒருமுறை அது புதுப்பிக்கப்பட வேண்டும். ஆனால் நற்சான்று பெறாதவர் அச்சிகிச்சைகளைத் தொடவே கூடாது என்று விதிப்பது இப்போதைக்குத் தகாது. நிபுணர்கள் நகரங்களிலேயே நெருங்கி வாழும் நாட்டில், அவ்விதி கிராமத்து நோயாளிக்குச் சிகிச்சையே இல்லாமற் செய்துவிடும்.

எதிர்ப்பும் விடையும்

பொதுப் பரீட்சைக்கு எதிர்ப்பு எழாமலில்லை. 2019-ஆம் ஆண்டுத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் பொது மருத்துவ மாணவருக்கு இதையொத்த பரீட்சையை மூன்று ஆண்டுகளுக்குள் தொடங்க வேண்டும் என்றது. காலக்கெடு நீட்டிக்கப்பட்டு, 2023-ஆம் ஆண்டு ஜூலையில் அப்பரீட்சை ஒத்திவைக்கப்பட்டது. மாநிலங்களின் பல்கலைக்கழகங்கள் உரிமை இழக்கும், மாணவரின் சுமை கூடும் எனத் தமிழ்நாடு முதலிய இடங்களிலிருந்து அதற்கு எதிர்ப்பு வந்தது. இவ்வெதிர்ப்பை எளிதாகத் தள்ளிவிடல் கூடாது. ஐந்தாண்டுகள் பயின்று, பல்கலைக்கழகத்தில் தேறிய மாணவர் ஒருவர் ஒரே நாளில் நிகழும் பரீட்சையில் தவறினால், அவர் குடும்பம் செலவிட்ட பொருளும் அவர் செலவிட்ட இளமையும் என்னாவது? எந்த அளவுகோலுக்கும் பிழையுண்டு. கோட்டின் அருகில் நிற்போருள் தகுதியுடையவர் சிலர் தவறுவதும், தகுதியற்றவர் சிலர் தேறுவதும் தவிர்க்க இயலாதன.

ஆகவே ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை எழுத வாய்ப்பளித்தலும், தவறிய பகுதியை மட்டும் மீண்டும் எழுத விடுதலும், எப்பகுதியில் குறை என்று மாணவருக்கு எடுத்துரைத்தலும் அரசாங்கத்தின் கடமைகளாகும். ஒரு கல்லூரியிலிருந்து ஆண்டுதோறும் பலர் தவறுவராயின், குற்றம் மாணவரிடம் மட்டும் இல்லை. அத்தகைய கல்லூரிகளின் முடிவுகளைப் பொதுமக்கள் அறிய வெளியிட்டு, அவற்றின் இடங்களைக் குறைக்கும் அதிகாரத்தையும் பயன்படுத்த வேண்டும். பரீட்சை, மாணவரைச் சோதிப்பது போலவே, அவரிடம் கட்டணம் வாங்கிக் கற்பித்தவரையும் சோதிக்க வேண்டும். கல்லூரியைத் திருத்தாமல் மாணவரை மட்டும் தடுத்து நிறுத்தும் வாசல் நியாயமான வாசலாகாது.

சட்டம் பரீட்சையின் பெயரையும் நோக்கத்தையும் கூறிவிட்டு, அதன் உருவத்தைப் பெரும்பாலும் விதிகளுக்கு விட்டுள்ளது. விதிகளை வகுப்போர் கையில் இன்னும் இடம் இருக்கிறது. மேற்படிப்புக்குரிய வரிசை மதிப்பெண்ணை உரிமத் தேர்ச்சியிலிருந்து பிரித்து, வேறொரு பகுதியாக அமைப்பது சட்டத்திற்கு முரணாகாத வகையில் செய்யத்தக்கதே. கைத்திறன் பகுதிக்கு மாதிரித் தலைகளும் பயிற்சி பெற்ற பரீட்சகர்களும் கொண்ட நிலையங்கள் மாநிலந்தோறும் வேண்டும், அதற்குச் செலவாகும். நோயாளியோடு பேசும் நிலையங்களில், அந்தந்த மாநில மக்களின் மொழியிலேயே மாணவர் பேசிக் காட்டல் வேண்டும். தருமபுரியின் விவசாயி தம் புண்ணைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்லப் போவதில்லை.

இவையெல்லாம் கணினிமுன் அமர்ந்து விடை குறிப்பதைவிடக் கடினமானவை, செலவு மிக்கவை என்பதில் ஐயமில்லை. ஆயின் எளிதில் அளக்கக்கூடியதை அளந்துவிட்டு, அளக்க வேண்டியதை அளந்ததாக எண்ணி அமைதி அடைதல் விஞ்ஞானத்திற்கு அடுத்ததன்று. நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறப்பவர் வைத்தியரின் மதிப்பெண்ணைக் கேட்பதில்லை. தம்முன் நிற்பவரின் அறிவையும் கையையும் தமக்காக வேறொருவர் முன்னரே சோதித்திருப்பார் என்று நம்பியே அவர் வாயைத் திறக்கிறார்.